பாடப்படமும் ஆவணப்படமும் மட்டும் செய்து தனி அனிமேட்டராக வாழ முடியுமா?

கோடும்கதையும் (சென்னை)

வணக்கம். சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் 2டி அனிமேட்டராக வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் வெளிநாட்டுத் தொடர்கள்தான். கதை அங்கிருந்து வரும், பாத்திர வடிவமும் காட்சிகளை வரிசையாக வரைந்த ஸ்டோரிபோர்டும் அங்கிருந்தே வரும். கையையும் காலையும் வாயையும் அசைப்பது எங்கள் பங்கு. சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது, கூட இருப்பவர்களும் நல்லவர்கள். ஆனால் நான் வரையக் கற்றது இதற்காக இல்லை.

எங்கள் ஊர் ஏரியில் குமிழித் தூம்பு என்று ஒன்று உண்டு. கரையில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் மட்டும் தெரியும். அடியில் ஒரு கல்தொட்டி இருக்கிறது. தெளிந்த நீர் இறங்க நீரோடித் துளை, வண்டல் வெளியேறச் சேறோடித் துளை, அங்கிருந்து கரைக்கு அடியில் போகும் கால்வாய். ஏரி நிறைந்திருக்கும்போது எந்தக் கேமராவாலும் இதைக் காட்ட முடியாது. வரைந்து காட்டினால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். இந்த மாதிரிப் பாடப்படங்கள் செய்யவேண்டும். கூடவே, மனிதர்கள் தங்கள் வாயால் சொன்ன அனுபவத்தை வைத்து அனிமேஷன் ஆவணப்படங்களும் செய்யவேண்டும்.

இந்த இரண்டை மட்டும் நம்பி வேலையை விடலாமா? இதற்கு முன் யாராவது அப்படி வாழ்ந்திருக்கிறார்களா? பணம் எங்கிருந்து வருகிறது, யார் கொடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். "ஆசை இருந்தால் முடியும்" என்பதை நண்பர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேண்டியது நடைமுறை.

செல்தாள் (கோவை)

தம்பி, நல்ல கேள்வி. இந்தத் துறையில் பேர் சொல்லும்படி வேலை செய்தவர்கள் எதை வைத்துச் சாப்பிட்டார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதல் அனிமேஷன் ஆவணப்படம் என்று பலரும் குறிப்பிடுவது அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1918-இல் வெளியிட்ட லூசிடானியா கப்பல் மூழ்கிய படம். 1915 மே 7 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி அந்தக் கப்பல் மூழ்கியது, 1,198 பேர் இறந்தார்கள். அங்கே கேமரா கிடையாது. நடந்ததை விசாரித்து, கப்பல் சாய்ந்த விதம், புகை போன திசை என்று ஏறக்குறைய 25,000 சித்திரங்கள் வரைந்து செய்தார். செலவு அவருடைய சொந்தப் பணம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஹெர்ஸ்ட் பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் வரையும் வேலையிலிருந்து. பகலில் பத்திரிகை, மிச்ச நேரத்தில் படம்.

அடுத்து ஜான் ஹப்லி, ஃபெயித் ஹப்லி தம்பதி. ஜான் டிஸ்னியில் இருந்தவர், 1941 வேலைநிறுத்தத்தோடு வெளியே வந்தவர். பிறகு யு.பி.ஏ. ஸ்டூடியோவில் பெரிய ஆள். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் அந்த வேலையும் போயிற்று. 1955-இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டபோது ஆண்டுக்கு ஒரு படமாவது தங்களுக்காகச் செய்வது என்று தீர்மானித்தார்கள். அதற்குக் காசு விளம்பரப் படங்களிலிருந்து வந்தது. காலை உணவுக் கஞ்சிக்கு அவர்கள் செய்த மேப்போ விளம்பரம் அமெரிக்காவில் பிரபலம். அந்த வருமானத்தில்தான் தங்கள் இரண்டு பையன்களும் விளையாடும்போது பேசியதைப் பதிவு செய்து, அந்தக் குரலின்மேல் வரைந்து 1959-இல் ஒரு குறும்படம் செய்தார்கள். அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. பின்னாளில் ஸெசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் துண்டுப்படங்கள், நிலவியல் பற்றி ஒரு படம், எரிக் எரிக்சனின் உளவியலை வைத்து ஒரு முழுநீளப் படம் எல்லாம் செய்தார்கள். இருவரும் யேல் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார்கள்.

நம் பக்கம் வந்தால் ராம் மோகன். 1956-இல் மத்திய அரசின் படத் தயாரிப்பு அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னியில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் என்பவர் அப்போது பம்பாய்க்கு வந்து அந்தப் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார். அரசு வேலையில் பல ஆண்டுகள் இருந்து கையைப் பழக்கிக்கொண்டு, 1968-இல் வெளியே வந்து, 1972-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். அதிலும் விளம்பரம் உண்டு, ஹிந்திப் படங்களுக்கு இடையில் வரும் அனிமேஷன் துண்டுகள் உண்டு. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' படத்தில் வருவது அவர் செய்ததுதான். இவ்வளவுக்கும் பிறகுதான் யுனிசெஃபுக்காக மீனா என்ற சிறுமியின் கார்ட்டூன் தொடர் வந்தது.

நான் சொல்லவருவது இதுதான். பாடப்படம், ஆவணப்படம் செய்த தனி ஆட்கள் எல்லோருமே இன்னொரு வருமானத்தின் மேல் நின்றுதான் செய்தார்கள். அது அவர்களுக்குக் குறை இல்லை. தங்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தை அந்த வருமான வேலை தின்னாமல் பார்த்துக்கொண்டார்கள், அதில்தான் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆகவே "வேலையை விடலாமா" என்று கேட்பதைவிட, "எந்த வேலையை வைத்துக்கொண்டால் என் படத்துக்கு நேரம் மிஞ்சும்" என்று யோசியுங்கள்.

தறிநூல் (ஈரோடு)

செல்தாள் ஐயா சொன்னது சரி. ஒரு விஷயம் சேர்க்கிறேன். அந்தக் காலத்தில் அரசே பெரிய வாடிக்கையாளர். ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948-இல் தொடங்கியது. 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் போயின. தூர்தர்ஷனில் 'ஏக் அனேக்' பாட்டுப் படம் பார்க்காத எங்கள் வயதுக்காரர்கள் குறைவு. ஹிந்தி தெரியாத எங்கள் வீட்டிலேயே பிள்ளைகள் பாடும். விஜயா முலேயும் பீம்சேனும் சேர்ந்து செய்த படம் அது, 1974. ஒற்றுமை என்ற கருத்தைப் பறவைகளும் வலையும் வைத்து ஏழு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

இப்போது ஃபிலிம்ஸ் டிவிஷன் தனியாக இல்லை, 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி.) இணைத்துவிட்டார்கள். ஆனால் வேறு வாசல்கள் திறந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூ.ஆர். குறியீடு வைத்தார்கள், 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பாடப்படம் தேவைப்படும் இடம் முன்பைவிட இன்று அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தேவை இருக்கும் அளவுக்குத் தனி ஆளுக்குப் பணம் வருகிறதா என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

நீலவானம் (பெங்களூரு)

நான் தொழிலில் இருப்பவள், ஸ்டூடியோவை விட்டு வந்து தனியாகச் செய்பவள். சுகாதாரம், தண்ணீர், குழந்தைப் பாதுகாப்பு, அறிவியல் என்று பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் படம் செய்கிறேன். என் அனுபவத்தை நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார்கள். வாடிக்கையாளரும் அப்படித்தான் கேட்பார். ஆனால் நம் வகைப் படத்தில் வரைவது பாதி வேலைகூட இல்லை. கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 24 சட்டகம். ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகத்துக்கு வைத்தால் நொடிக்கு 12, நிமிடத்துக்கு 720 சித்திரம். கட்-அவுட் முறையில், அதாவது பாத்திரத்தைத் துண்டுகளாக வரைந்து மூட்டு மூட்டாக இணைத்து அசைத்தால், இது வெகுவாகக் குறையும். ஆக, வரையும் வேலையைச் சுருக்க வழி உண்டு. சுருக்கவே முடியாதது அதற்கு முந்தைய வேலை. உங்கள் குமிழித் தூம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். துளையை எப்போது திறப்பார்கள், யார் மூழ்கித் திறப்பார், வண்டல் ஏன் தனியாகப் போகிறது, ஏரிக்கு ஏரி அமைப்பு எப்படி மாறுகிறது என்று ஊர்ப் பெரியவர், பொறியாளர், தொல்லியல் படித்தவர் மூன்று பேரிடமும் கேட்டு, மூவர் சொல்வதும் ஒத்துப்போகும் வரை உட்காரவேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்கவேண்டும். நான் கொடுக்கும் மதிப்பீட்டில் ஆய்வு முதல் வரியாகத் தனியாக இருக்கும். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரின் படத்தை நான் எடுப்பதில்லை.

மீனாவைப் பற்றிச் செல்தாள் ஐயா ஒரு வரியில் முடித்துவிட்டார். அதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. தெற்காசியாவின் சார்க் நாடுகள் 1991 முதல் 2000 வரையான பத்தாண்டைப் பெண் குழந்தைகளுக்கென்று அறிவித்தன. அதையொட்டி வங்கதேச யுனிசெஃப் தொடங்கிய வேலை அது. நாலைந்து நாட்டுக்கு ஒரே சிறுமி வேண்டும். பெயர் எந்த மதத்தையும் எந்த நாட்டையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. உடை பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் உறுத்தக் கூடாது. வரைந்த முகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடமும் தாய்மார்களிடமும் காட்டிக் கேட்டுத்தான் அந்த முகத்தையும் பாவாடையையும் முடிவு செய்தார்கள். முதல் கதையில் மீனாவைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். கிளி மிட்டு வகுப்பில் கேட்டு வந்து அவளுக்கு எண்ணச் சொல்லித்தரும். அந்த எண்ணிக்கையை வைத்தே வீட்டுக் கோழி ஒன்று குறைவதைக் கண்டுபிடிப்பாள். "பெண்ணைப் படிக்கவையுங்கள்" என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லை. படிப்பால் வீட்டுக்கு ஒரு கோழி மிஞ்சியது, அவ்வளவுதான். கிராமத்து அப்பாவுக்கு அதைவிட என்ன சொல்லவேண்டும்? உட்கார்ந்து கேட்காமல் இந்த மாதிரிக் கதை கிடைக்காது.

ஆவணப்படத்துக்கு நினா சப்னானியின் வேலையைக் கட்டாயம் பாருங்கள். 2009-இல் குஜராத்தின் கட்ச் பகுதியில் கலா ரக்ஷா என்ற அமைப்பின் கைவினைஞர்களோடு சேர்ந்து ஒரு படம் செய்தார். 1971 போருக்குப் பிறகு பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துத் தார்பார்க்கரிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள் அவர்கள், 2001 நிலநடுக்கத்தையும் பார்த்தவர்கள். அவர்கள் குரலிலேயே கதை. துணி வெட்டி ஒட்டித் தைக்கும் அவர்களுடைய வேலைப்பாட்டிலேயே பாத்திரங்கள். தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அனிமேட்டர் அதை அசைத்திருக்கிறார். அதற்கு முன் 2005-இல் பிரிவினைக் காலத்துக் கராச்சியில் இரண்டு சிறுவர்களின் நட்பை வைத்து ஒன்று செய்தார், அவருடைய தந்தையின் நினைவு அது. அந்தக் கதை பிறகு சென்னையின் தூலிகா பதிப்பகம் வழியாகப் படப்புத்தகமாகவும் வந்தது. ஒரே ஆய்வு, படமும் புத்தகமும். தனி ஆளுக்கு இது முக்கியமான வழி.

ஆனால் செல்தாள் ஐயா சொன்னதற்கு இங்கேயும் சான்று இருக்கிறது. சப்னானி தேசிய வடிவமைப்புக் கழகத்திலும் (என்.ஐ.டி.) பிறகு ஐ.ஐ.டி. பம்பாயிலும் பேராசிரியராக இருந்தவர். கற்பிக்கும் வேலைதான் அவருக்கு அந்தப் படங்களுக்கான காலத்தைக் கொடுத்தது.

திரைக்கடல் (சிங்கப்பூர்)

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இன்னொரு வேலை வேண்டும், இன்னொரு வேலை வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே பலரும் தங்கள் படத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். மெக்கே காலத்தில் கேமராவும், வரைவதற்கான ஒளிபுகும் செல் தாளும், லேபும் செலவு. இன்று அனிமேஷன் மென்பொருள்களில் பிளெண்டர் இலவசம், கிரீட்டா இலவசம், ஜப்பானிய ஸ்டூடியோக்கள் பயன்படுத்திய ஓப்பன்டூன்ஸ் 2016 முதல் இலவசம். மியூனிக்கில் 2013-இல் சிறியதாகத் தொடங்கிய குர்ட்ஸ்கெசாக்ட் என்ற யூடியூப் சேனல் அறிவியல் படங்களை மட்டும் செய்தே உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. டெட்-எட் என்ற கல்விக் காணொளித் தளத்தின் பாடங்களைப் பாருங்கள், உலகெங்கும் உள்ள தனி அனிமேட்டர்களிடம் கொடுத்துச் செய்கிறார்கள், படத்தில் பெயரும் போடுகிறார்கள். தமிழில் இப்படி ஒரு சேனல் நிற்காது என்று ஏன் முன்பே முடிவு செய்யவேண்டும்?

செல்தாள் (கோவை)

திரைக்கடல், கருவிக்கான செலவு போனது உண்மை, அது பெரிய விடுதலை. ஆனால் சாப்பாட்டுச் செலவு அப்படியே இருக்கிறதே. குர்ட்ஸ்கெசாக்ட் இப்போது பல பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம். விளம்பரதாரர், நன்கொடை, பொருள் விற்பனை என்று பல வழியில் பணம் வருகிறது. ஒரு தனி ஆள் வாரம் ஒரு படம் போட முயன்றால் ஆய்வில்தான் முதலில் கை வைப்பார். ஆய்வு போனபின் பாடப்படத்தில் என்ன மிஞ்சும்? டெட்-எட் பற்றி நீங்கள் சொன்னது நல்ல யோசனை. தம்பி அந்த மாதிரி இடங்களுக்கு ஒரு நிமிட மாதிரிப் படத்தோடு எழுதிப் பார்க்கலாம். அதையும் ஒரு வருமான வழியாக வைத்துக்கொள்ளட்டும், அது ஒன்றையே நம்பவேண்டாம்.

அறிவியல்மேசை (மதுரை)

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. படம் செய்பவர்கள் பேசுகிறீர்கள், பார்க்க வைப்பவள் ஒருத்தியும் சொல்கிறேன்.

வகுப்பு 40 அல்லது 45 நிமிடம். அதில் வருகை, முந்தைய பாடம், கேள்வி எல்லாம் போக, படத்துக்கு நான் தரக்கூடியது அதிகம் போனால் ஐந்து நிமிடம். பத்து நிமிடப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நடுவில் நிறுத்தியே காட்டுவேன். ஆகவே நிறுத்துவதற்கு ஏற்ற இடங்களை நீங்களே வையுங்கள். துளை திறக்கும் முன் ஒரு இடைவெளி விட்டால் "இப்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று பிள்ளைகளைக் கேட்பேன். பதிலை அவர்கள் சொன்ன பிறகு படம் சொல்லட்டும்.

பின்னணி இசையைக் குறையுங்கள். எங்கள் வகுப்பறையில் ஒரு சின்ன ஸ்பீக்கர், மேலே மின்விசிறி, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு. இசை ஓங்கினால் குரல் கேட்காது. எழுத்தைப் பெரியதாகப் போடுங்கள், கடைசி பெஞ்சிலிருந்து தெரியவேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்காக வசனமும் கீழே வரட்டும்.

இன்னொன்று, அளவு. கொசுவையும் இதயத்தையும் உயிரணுவையும் ஒரே அளவில் காட்டும் படங்கள் நிறைய வருகின்றன. பெரிதாக்கிக் காட்டும்போது "நிஜத்தில் இது இவ்வளவுதான்" என்று பக்கத்தில் ஒரு விரலையோ அரிசியையோ வரையுங்கள். பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொண்டால் அதை மாற்ற எனக்கு ஒரு மாதம் ஆகும்.

கணக்கன் (திருச்சி)

நான் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருக்கிறேன். வாடிக்கையாளர்களில் சில வரைகலைஞர்கள் உண்டு. தனியாகப் போக நினைப்பவர்கள் சட்டப் பக்கத்தையும் பார்க்கவேண்டும், அதைத்தான் எல்லோரும் கடைசிக்கு விடுகிறார்கள்.

பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துத் திரைப்படம் செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். நீங்கள் கையால் வரைந்தீர்கள் என்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது. பாத்திரங்கள் உங்களுக்கு வேண்டும், அவற்றை வைத்துப் புத்தகம் போடும் உரிமை வேண்டும், மூலக் கோப்புகள் உங்களிடம் இருக்கவேண்டும் என்றால் அது எழுத்தில் இருக்கவேண்டும். நீலவானம் சொன்ன படமும் புத்தகமும் என்ற வழி ஒப்பந்தத்தின் இந்த ஒரு பத்தியில்தான் இருக்கிறது. 19-ஆம் பிரிவையும் படியுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும்.

அடுத்தது வராத பணம். மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் குறு நிறுவனமாகப் பதிவு செய்யுங்கள், கட்டணம் கிடையாது, ஒரே ஆள் நடத்தும் சேவைத் தொழிலுக்கும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி வேலையைப் பெற்றுக்கொண்டவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்குக்குக் கூட்டு வட்டி. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு செய்து வையுங்கள், தகராறு வந்தபின் பதிவு செய்தால் பயன் இருக்காது. மதிப்பீட்டிலும் பில்லிலும் உத்யம் எண்ணைப் போடுங்கள். அந்த எண்ணைப் பார்த்தாலே சில கணக்குப் பிரிவுகள் சுறுசுறுப்பாகிவிடும். ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நீலவானம் (பெங்களூரு)

கணக்கன் சார், மிக்க நன்றி. இதோடு ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்கவேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். நம் வேலை ஸ்கிரிப்ட், ஸ்கிராட்ச் குரல் (தற்காலிகமாகப் பேசி வைப்பது), ஸ்டோரிபோர்டு, அனிமேட்டிக் (ஸ்டோரிபோர்டைக் குரலோடு நேரப்படி ஓடவிடும் முன்மாதிரி), வடிவமைப்பு, அனிமேஷன், ஒலி என்று படிப்படியாகப் போகிறது. ஒவ்வொரு படியிலும் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும், பணமும் அந்தப் படிகளின்படியே வரவேண்டும். எனக்கு நடந்த ஒன்று. ஒரு நிறுவனம் அனிமேட்டிக்கைச் சரி என்று சொன்னது. அனிமேஷன் முழுவதும் முடிந்தபின் மேலே இருந்த ஒருவர் முதல் தடவையாகப் படத்தைப் பார்த்து, கதையில் அப்பாவுக்குப் பதில் மாமா இருக்கட்டும் என்றார். யார் ஒப்புதல் தருவார் என்று ஒப்பந்தத்தில் பெயர் இல்லை. அந்த மாற்றத்துக்கான உழைப்பு என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து ஒப்புதல் தருபவரின் பெயரை எழுதாமல் நான் பேனாவைத் தொடுவதில்லை.

அப்புறம் மொழி. படம் பல மொழிகளுக்குப் போகும் என்று தெரிந்தால் முதலிலேயே அதற்கு இடம் விடுங்கள். ஆங்கில உரைக்கு அளவெடுத்த காட்சியில் தமிழ்க் குரல் அடங்காது, மூச்சுவிடாமல் ஓடவேண்டியிருக்கும். நான் தமிழ்க் குரலை முதலில் பதிவு செய்து அதற்கு நேரம் அமைக்கிறேன், மற்றவை சுலபமாக அடங்கிவிடும். திரையில் வரும் எழுத்தைத் தனி லேயரில் வையுங்கள். உதடு அசையும் நெருக்கக் காட்சிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வன்னிக்காற்று (இலங்கை)

இந்த இழையை முழுக்க வாசித்தேன். ஆவணப்படப் பக்கம் பற்றிக் கொஞ்சம் கதைக்க விரும்புகிறேன்.

எங்கள் பக்கத்தில் பலருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, முகத்தைக் காட்ட முடியாது. காணொளியில் முகத்தை மங்கலாக்கினால் அந்த ஆள் குற்றவாளி போலத் தெரிகிறார். வரைந்தால் அப்படி இல்லை. குரல் அவருடையது, கை அசைவு அவருடையது, முகம் மட்டும் வேறு. பார்ப்பவர் அவரை மனிதராகப் பார்க்கிறார். தாய்மாரின் சாட்சியங்களைக் கேட்டு எழுதும் வேலையில் நான் இருந்திருக்கிறேன். அதில் அனிமேஷனின் தேவையை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஆனால் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது, தம்பி. வரைபவருக்கு எல்லாவற்றையும் வரையும் அதிகாரம் உண்டு. அவர் சொல்லாத மழையை நீங்கள் பெய்ய வைக்கலாம், அவர் அழாத இடத்தில் அழ வைக்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஸ்டோரிபோர்டு முடிந்தவுடன் அதைச் சொன்னவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். "அந்த மரம் இடப்பக்கம் நின்றது" என்பார், மாற்றுங்கள். "இதைப் போட வேண்டாம்" என்பார், எடுத்துவிடுங்கள். ஒப்புதலை ஒரு தடவை வாங்கினால் போதாது. குரலை வைத்தும் ஆளை அடையாளம் காணலாம், அதை அவருக்கு விளக்கிச் சொல்லவேண்டும். தேவையானால் அவர் சொற்களை வேறொருவர் பேசட்டும், அப்படிச் செய்ததைப் படத்தில் அறிவியுங்கள்.

பிக்சல்வீடு (சேலம்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு உழைப்பையும் இன்று செயற்கை நுண்ணறிவு சில நிமிடத்தில் செய்துவிடுகிறதே, வாடிக்கையாளர்கள் இன்னும் ஆட்களைத் தேடி வருவார்களா? நானும் இந்தப் படிப்பைத்தான் படிக்கிறேன், உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

நீலவானம் (பெங்களூரு)

பயம் நியாயமானதுதான். பொதுவான விளக்கப் படங்கள், நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லும் படங்கள், இவற்றின் விலை ஏற்கெனவே இறங்கிவிட்டது. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்லமாட்டேன். ஆனால் வன்னிக்காற்று எழுதியதைத் திரும்ப வாசியுங்கள். அந்தத் தாயிடம் ஸ்டோரிபோர்டைக் கொண்டுபோய்க் காட்டி, மரத்தை இடப்பக்கம் மாற்றுவதற்கு ஒரு ஆள் வேண்டும். குமிழித் தூம்பின் துளை எந்தக் கல்லில் இருக்கிறது என்று வற்றிய ஏரிக்குள் இறங்கிப் பார்த்து அளவெடுக்க ஒரு ஆள் வேண்டும். ஆவணப்படத்தில் பார்ப்பவர் நம்பிக்கையை யார் பேரில் வைப்பார்? விசாரித்துப் பொறுப்பேற்கும் ஒருவர் பேரில்தான். படிக்கும் காலத்திலேயே ஏதாவது ஒரு பொருளில் ஆழமாக இறங்குங்கள். தண்ணீர், தாவரம், நோய், சட்டம், எதுவானாலும் சரி. "அனிமேட்டர்" என்று தெரிவதைவிட "தண்ணீர் பற்றிப் படம் செய்பவர்" என்று தெரிந்தால் வேலை தேடி வரும். என் வேலையில் பாதி அப்படி வந்ததுதான்.

செல்தாள் (கோவை)

இதோடு ஒரு சின்ன வரலாறு. கனடாவின் நார்மன் மெக்லாரன், யுனெஸ்கோ அனுப்பி 1949-இல் சீனாவின் சிச்சுவான் பகுதிக்குப் போனார். கிராமத்து ஓவியர்களுக்குச் சுகாதாரப் படங்கள் செய்யக் கற்றுக்கொடுக்கும் வேலை. பிறகு அதே வேலையாக இந்தியாவுக்கும் வந்தார். உலகப் புகழ்பெற்ற சோதனைக் கலைஞர், தானே வரைந்து கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அந்த ஊர் மக்களின் கண்ணுக்குப் பழகிய கோடு அந்த ஊர் ஓவியரிடம்தான் இருக்கிறது என்பதால் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தம்பியின் ஏரிப் படத்திலும் கோடு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவேண்டும். ஸ்டூடியோவில் வெளிநாட்டுத் தொடருக்குப் பழகிய கை அதே வட்ட முகத்தையும் பெரிய கண்ணையும்தான் வரையும். ஊர்க் கோயில் சுதையிலும் கோலத்திலும் கொஞ்ச காலம் கையைப் பழக்குங்கள்.

கோடும்கதையும் (சென்னை)

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது வேலையை விடலாமா என்று. இப்போது அந்தக் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். ஸ்டூடியோவில் பேசி ஒப்பந்த அடிப்படைக்கு மாறப் பார்க்கிறேன். சீசன் இருக்கும்போது முழு நேரம், இடைவெளி மாதங்கள் எனக்கு. சம்பளம் குறையும், வீட்டில் பேசிவிட்டேன், சம்மதம்தான். உத்யம் பதிவு இந்த வாரமே. குமிழித் தூம்புப் படத்தை யாரும் பணம் கொடுக்கக் காத்திருக்காமல் நானே செய்யப்போகிறேன், ஐந்து நிமிடத்துக்குள், தமிழ்க் குரல் முதலில். உரிமை முழுவதும் என்னிடம் இருக்கும் ஒரே படமாவது கையில் இருக்கட்டும். கோடையில் ஏரி வற்றும்போது இறங்கி அளவெடுக்கவேண்டும். ஊரில் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பில் இருந்த நீர்க்கட்டிக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் பேசிப் பதிவு செய்யவேண்டும். மும்பையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஆவணப்பட விழாவில் அனிமேஷனுக்கும் இடம் உண்டு என்று தெரியும், கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கும் அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

ஒரே சந்தேகம். பெரியவரின் பேச்சை அப்படியே படத்துக்குக் குரலாக வைப்பதா, அவர் சொன்னதை எழுதி வேறொருவரைப் பேசவைப்பதா? அவர் பேசுவது வட்டார வழக்கு, வேறு மாவட்டப் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று யோசனை.

நீலவானம் (பெங்களூரு)

அவர் குரலையே வையுங்கள். ஹப்லி தம்பதி குழந்தைகளின் மழலையை மாற்றாமல் வைத்ததால்தான் அந்தப் படம் இன்றும் உயிரோடு இருக்கிறது. புரியாத சொல் வரும்போது அந்தப் பொருளைத் திரையில் வரைந்துவிடுங்கள், அதற்குத்தானே நாம் இருக்கிறோம். அவருக்குச் சன்மானம் கொடுங்கள், படத்தில் பெயர் போடச் சம்மதமா என்று கேளுங்கள்.

அறிவியல்மேசை (மதுரை)

வட்டார வழக்கு பிரச்சினையே இல்லை, என் பிள்ளைகள் அதைக் கேட்டால் இன்னும் நிமிர்ந்து உட்காருவார்கள். படம் முழுதாக முடியும் வரை காத்திருக்க வேண்டாம். அனிமேட்டிக் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், என் இரண்டு பிரிவுகளிலும் போட்டுக் காட்டி, எந்த இடத்தில் கேள்வி கேட்டார்கள், எந்த இடத்தில் பக்கத்துப் பிள்ளையோடு பேசத் தொடங்கினார்கள் என்று குறித்து அனுப்புகிறேன். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் வந்தால் வசதி.

கோடும்கதையும் (சென்னை)

கட்டாயம் அனுப்புகிறேன், டீச்சர். ஆகஸ்டுக்குள் அனிமேட்டிக் முடிக்கப் பார்க்கிறேன். நிறுத்தும் இடங்களை அதில் குறித்தே வைக்கிறேன்.